கேமரா கழற்றிய போன்

கும்மிடிப்பூண்டியில் ஒரு செல்போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். வருகிற போனைப் பார்த்து, வாரன்டியில் இலவசமாகச் சரிசெய்யலாமா கூடாதா என்று பதிவது என் பொறுப்பு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே எனக்கு ஒரு மிதப்பு வந்துவிடும்.

தொழிற்பேட்டையில் பல கம்பெனிகள் கேமரா உள்ள போனை கேட்டுக்குள் விடுவதில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ரோட்டோரக் கடையில் கொடுத்து முன்னும் பின்னும் கேமராவைக் கழற்றிவிடுவார்கள். செக்யூரிட்டி அந்த ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்புவார்.

அப்படிக் கழற்றிய போன் ஒன்றை ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி கொண்டுவந்தாள். வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு நின்றது.

“வெளியில பிரிச்சிருக்கீங்க. வாரன்டி கிடையாது” என்றேன்.

“இன்னா மேடம், கேமராவ எடுத்ததுக்கும் பேட்டரி உப்புறதுக்கும் இன்னா சம்பந்தம்? என் போனு, எனக்கு வேணாம்னு எடுத்தேன்.”

சம்பந்தம் எதுவும் இல்லை. அந்த மாடலில் பேட்டரி உப்புகிறது, மாற்றிக் கொடுங்கள் என்று எங்களுக்கு மெயிலே வந்திருந்தது. புது பேட்டரிகள் என் முதுகுக்குப் பின்னால் பெட்டியில் இருந்தன. கொண்டுவந்தவர் மேனேஜரின் மச்சான் என்பதற்காக, பிரித்த போன் ஒன்றைக் கண்டும் காணாமல் வாரன்டியில் வாங்கியவள்தான் நான். ஆனால் இவள் அத்தனை பேர் முன்னால் நியாயம் கேட்டுவிட்டாள். அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “பொண்ணுக்கு ஃபிட்ஸ் வரும் மேடம். எதிர் ஊட்டு அக்கா வீடியோ கால்ல காட்டும். அதப் பாத்துதான் மருந்து குடுக்கவா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கவான்னு சொல்லுவேன். வெளிய இந்த பேட்டரி கிடைக்கல.”

வெளியே கிடைக்காதுதான். கம்பெனி எங்களுக்கு மட்டுமே அனுப்பும்.

அப்போதாவது கொடுத்திருக்கலாம். சொன்ன சொல்லை எல்லார் எதிரிலும் மாற்றிக்கொள்ள என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மேனேஜரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி உள்ளே போனேன். மேனேஜர் அன்று லீவு. வாட்டர் கேன் பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

“எவ்ளோ பேசிப் பாத்தேம்மா. ஒத்துக்க மாட்றாரு.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். ‘வாடிக்கையாளர் சேதப்படுத்தியது’ என்று பதிந்தேன். அந்த ஒரு டம்ளர் தண்ணீரை நினைத்தால் இன்றும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது.

மூன்று மாதம் கழித்து கவரைப்பேட்டை ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் ஏழெட்டு வயதில் மகள். நான் நைசாக நழுவப் பார்த்தேன். அதற்குள் அவள் சிரித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் போன் என்ன ஆனது என்று கேட்டேன்.

“அது அப்டியே கீதுக்கா. நான் கம்பெனிய உட்டுட்டேன். பட்டன் போன்ல புள்ள மொகம் தெரியல. உள்ள நின்னுகினு எனக்கு வேல ஓடல.” பிறகு மகளிடம் திரும்பினாள். “சொன்னேன்ல, நமக்கோசரம் மேனேஜர்கிட்ட சண்ட போட்ட அக்கா. வணக்கம் சொல்லு.”

குழந்தை கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பியது.

நானும் கூப்பினேன்.