சிவப்புத் துணி கட்டிய கழி

சோரியாங்குப்பத்து இன்னாசிமுத்து அதுவரை நாற்று முடி சுமந்தவர். பிரெஞ்சு சர்க்கார் பெண்ணையாற்று முகத்துவாரத்தை அளந்து படம் வரையக் கிளம்பிய வருஷந்தான் கழி பிடிக்கும் வேலைக்குப் போனார். உச்சியில் சிவப்புத் துணி கட்டிய நெட்டைக் கழி. அதை அவர் சேற்றில் நட்டுப் பிடித்துக்கொள்ள, சர்வேயர் உலகநாதன் தூரத்துக் கரையிலிருந்து குழாய் வழியாகப் பார்த்து அளப்பார்.

"நான் வெள்ளைக் கைக்குட்டைய ஆட்டறவரைக்கும் கழி அசையக் கூடாது. அசைஞ்சா நாளைக்கு வேற ஆளு."

"கோயில் கொடிமரமாட்டம் நிக்கும் முசே" என்றார் இன்னாசிமுத்து, ஐயாவைப் பிரெஞ்சில் அழைத்து.

அன்று கோரைக்கு நடுவே கழியை நட்டுவிட்டுக் கால் மாற்றப் பார்த்தார். கால் வரவில்லை. உதறியதில் மற்றக் காலும் இறங்கியது. தொடைவரை சேறு. கடல் தண்ணீர் உள்ளே ஏறும் நேரம் வேறு. கத்தினார். மேல்காற்று அவர் குரலைக் கடல் பக்கம் வாரிக்கொண்டு போயிற்று. கரையில் உலகநாதனுக்குக் கோரைக்கு மேலே கொடி மட்டுமே தெரிந்தது.

கடல் பக்கமிருந்து மட்டிச் சிப்பி பொறுக்கும் தையலம்மாளின் தோணி வந்தது.

"அக்கா! இங்க!"

தோணி நின்றது; சட்டென்று திரும்பியது. "மாதாவே, கொடி கட்டின எடத்துலேர்ந்து கூப்புடுதே!" என்று அவள் அலறுவது கேட்டது.

அப்போதுதான் இன்னாசிமுத்துவுக்கு உறைத்தது. ஆள் புதைந்த சேற்றில் எச்சரிக்கையாகச் சிவப்புத் துணி கட்டிய கழியை நட்டு வைப்பது ஆற்றோரத்து வழக்கம். சின்ன வயசிலிருந்தே தெரிந்ததுதான். தான் பிடித்திருப்பதும் அதுவே என்று தோன்றவே இல்லை.

கழியைச் சாய்த்தால் வேலை போகும். அதைவிட, பிடித்துக்கொள்ள இருந்ததே அந்தக் கழி ஒன்றுதான். தண்ணீர் இடுப்பைத் தொட்டது. கண்ணை மூடிக்கொண்டு கழியைப் பிடுங்கிச் சேற்றில் கிடத்தி, அதன்மேல் குப்புற விழுந்தார்.

"பேயி இல்லக்கா! இன்னாசி! காசம்மா புருசன்!"

"பேயி கொடிய சாய்க்காதுதான்" என்று முனகிக்கொண்டே அவள் தோணியைத் தள்ளி வந்தாள். அக்குளில் கைகொடுத்து இழுத்துப் போட்டாள்.

 அவர் தோணியிலிருந்தபடியே கழியை அதே இடத்தில் திரும்ப நட்டார்.

"இன்னாத்துக்குடா மறுபடியும்?"

"இங்க யாரும் வரக் கூடாதுக்கா."

தூரத்துக் கரையில் வெள்ளைக் குட்டை ஆடியது. அளவு எடுத்தாயிற்று.

பழைய கழி சேற்றிலேயே நிற்க, மறுநாள் உலகநாதன் புதுக் கழியோடு வந்தார்; இன்னாசிமுத்து போகவில்லை. நாற்று முடிக்கே திரும்பினார். கணுக்கால் சேறுள்ள வயலில்கூட முதலில் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்த்து, அது திரும்பி வந்த பிறகே இறங்குவார்.