பேசாமல் போன ஸ்டார்ட்டர் பெட்டி

கம்ப்யூட்டர் அதே வரியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியது: சிப்புடன் தொடர்பு இல்லை. வேறு எந்தப் போர்டாக இருந்தாலும் “இல்லாட்டிப் போ, எனக்கென்ன” என்று குப்பைக் கூடையில் வீசிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இதை வீச முடியாது. இதற்குள்தான் என் மனைவியின் குரல் இருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லை.

செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் என் பட்டறை இருக்கிறது. கிணற்று மோட்டாரை செல்போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் பெட்டிகளைச் செய்து விற்கிறேன். மோட்டார் ஓடத் தேவையான மூன்று பேஸ் கரண்டு இந்தப் பக்கம் எப்போது வரும் என்று கடவுளுக்கும் தெரியாது. வந்ததும் பெட்டியே விவசாயியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடும். அந்தச் சேதியைத் தமிழில் பேச ஒரு குரல் வேண்டியிருந்தது. காசு கொடுத்து யாரையாவது பேசவைக்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

“ஏன், எனக்கு வாய் இல்லையா?” என்றாள்.

வாயா இல்லை, தாராளமாக இருந்தது! தெருச் சத்தம் விழக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து ஊற்ற உட்கார்ந்து பேசிக் கொடுத்தாள். நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தாளா என்றால், அதுதான் இல்லை. தன் இஷ்டத்துக்குச் சேர்த்தும் விட்டும் பேசினாள். பெட்டிகள் விற்கத் தொடங்கியபின் பட்டறைக்கு வருகிறவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். “இன்னாப்பா, உன் சம்சாரம் விடிஞ்சும் விடியாம எனக்கு போன் பண்ணுது, எங்கூட்ல சண்டை நடக்குது.” இதை அவளிடம் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

பிறகு அந்த மாடலுக்கு உதிரிப் பாகங்கள் கிடைக்கவில்லை. ரிப்பேருக்கு வந்த பெட்டிகளையெல்லாம் புது மாடலாக மாற்றிக் கொடுத்தேன். புதியதில் குரலும் சேர்ந்தே வந்தது, செய்தி வாசிப்பதுபோல் ஒரு குரல். பழைய போர்டுகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். அப்போது அவள் வீட்டில்தான் இருந்தாள். குரலுக்கு என்ன பஞ்சம்?

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் அவள் போய்விட்டாள். புற்றுநோய். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய ஒலிப்பதிவு இருந்த கம்ப்யூட்டரின் டிஸ்க் அதற்கு முன்பே செத்துவிட்டிருந்தது. செல்போன்கள் மாறிக்கொண்டே வந்தன. கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன், நாதஸ்வரம்தான் கேட்கிறது. வீட்டுக்குள் எத்தனை பேச்சு, எத்தனை சண்டை, ஒன்றையும் நான் பிடித்துவைக்கவில்லை. சில நாள் காலையிலிருந்து இரவு வரை நான் பேசிய பேச்சு “ஒரு டீ, சர்க்கரை கம்மி” என்பது மட்டும்தான். அதையும் டீக்கடைக்காரர் கேட்பதில்லை, என்னைப் பார்த்ததுமே போட்டுவிடுகிறார்.

அப்படியிருக்கும்போதுதான் வல்லம் பக்கத்திலிருந்து ஒரு பெண் இந்தப் பெட்டியைக் கட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான், கழனியைப் பார்ப்பவள் அவள்தான். பழைய மாடல். இன்னும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரியாது.

“நேத்துலேர்ந்து பேசல அண்ணே. வேர்க்கடலை பூ வெச்சிருக்குது, தண்ணி வுட்டாவணும். ஆனா எனக்கு இதே பொட்டிதான் வேணும்.”

புதிய பெட்டி ஒன்றை இப்போதைக்கு மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். படியிறங்கும்போது திரும்பி, “அதுல வேற யாரோ இல்ல பேசும்?” என்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல் ஆமாம் என்றேன்.

கட்டைவிரல் அளவில் ஒரு கருவி உண்டு. புரோகிராமர் என்போம். ஒரு முனையைக் கம்ப்யூட்டரிலும் மறு முனையைப் போர்டிலும் செருகினால், சிப்புக்குள் இருப்பதைப் படிக்கலாம், புதிதாக எழுதலாம். செருகினேன். தொடர்பு இல்லை. ஒயரை மாற்றினேன். இல்லை. புரோகிராமரே கெட்டுவிட்டதோ என்று ஒரு புதுப் போர்டில் செருகிப் பார்த்தேன், உடனே பிடித்துக்கொண்டது. சனியன், மற்றதெல்லாம் வேலை செய்கிறது. சிப்புக்கு வரும் கரண்டை மீட்டர் வைத்துப் பார்த்தேன், அதுவும் சரியாகவே வந்தது. “கஞ்சி ஊத்தியாச்சு, அப்புறம் என்னடா கேடு உனக்கு, வாயைத் திறக்க மாட்டியா?” என்று திட்டினேன். கோட்டை இருக்கும் ராஜகிரி மலைப்பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைத் திருப்பிக் கக்குகிற மாலை நேரம். தகரக் கூரைக்குக் கீழே என் சத்தம் எனக்கே அசிங்கமாக இருந்தது.

சென்னையில் எனக்கு சிப் விற்கிறவருக்கு போன் போட்டேன்.

“முழுசா அழிச்சுட்டு மறுபடி ஏத்துங்க சார், ரெண்டு நிமிஷ வேலை.”

“உள்ள இருக்கறது எனக்கு வேணும்.”

“பேக்கப் இல்லையா?” என்றார். இல்லை என்றேன். “அடடா” என்று அவர் சொன்னது சிப்புக்காக. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சிப்பின் ஒவ்வொரு காலாக மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். ரீசெட் என்று ஒரு கால். சிப்பின் பிடரி மாதிரி அது. யாராவது அதைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும்வரை சிப் எழுந்திருக்காது, யார் கூப்பிட்டாலும் பேசாது. அந்தக் காலில் இருக்கவேண்டிய வோல்டேஜ் இல்லை. அப்படியானால் எங்கேயோ கசிகிறது. போர்டு முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது. செம்மண் காட்டுப் பெட்டி, சிவப்பாக இல்லாமல் வெள்ளையாகவா இருக்கும் என்று நான் மேலோடு தட்டிவிட்டிருந்தேன். இப்போது பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அந்தக் காலுக்கு அடியில் தேய்த்தேன்.

பஞ்சு மஞ்சளாகிவிட்டது.

மண் எங்கேயாவது மஞ்சளாகச் சாயம் விடுமா? மூக்கருகே கொண்டுபோனேன். பூஜை அறை வாசனை. அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

“பொட்டிக்குள்ள இன்னாம்மா போட்ட?”

“திட்டாதீங்க அண்ணே” என்று ஆரம்பித்தாள். “அண்ணி தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். பூவோட பொட்டோட போனவங்க. அந்த நல்ல சாவு எத்தினி பேருக்குக் கெடைக்கும்? தெனம் எங்கிட்ட பேசுறவங்க வேற. அதான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மஞ்சள கரைச்சி, குங்குமம் வெச்சி, பூ வெச்சிக் கும்புட்டுனு இருந்தேன். மேல வெச்சா வெயில்ல காஞ்சி உதுந்துடுது. அதான் மூடியத் தொறந்து உள்ள வெச்சேன். தப்பாண்ணே?”

குங்குமத்தில் சுண்ணாம்பு சேர்ந்திருக்கிறது, ஈரம் பட்டால் கரண்டைக் கசியவிடும், படித்த எனக்குத் தெரியும். என் மனைவி போனபின் நான் அவள் படத்துக்கு ஒரு முழம் பூ வாங்கிப் போட்டவன் இல்லை. எனக்கு மட்டும்தான் அவள் இல்லாத குறை என்று அறைக்குள் அடைந்து கிடந்தேன். அங்கே கழனியில் ஒருத்தி வாரம் தவறாமல் அவளுக்குப் பொட்டு வைத்திருக்கிறாள்.

“தப்பு இல்லம்மா. ஆனா இனிமே வெளியவே வை” என்றேன்.

பழைய பல் பிரஷ்ஷால் ஸ்பிரிட்டில் கழுவினேன். என் மனைவியின் நெற்றியைத் துடைப்பதுபோல் இருந்தது. வெயிலில் காயவைத்து, கோட்டையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் தூக்கிக்கொண்டு போய்விடாமல் மொட்டை மாடியிலேயே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு புரோகிராமரைச் செருகினேன். கம்ப்யூட்டர் ஒருமுறை யோசித்தது. தொடர்பு கிடைத்தது. வேறு எதையும் தொடாமல் முதலில் உள்ளே இருந்த அத்தனையையும் நகலெடுத்தேன். ஒரு நகல் போதும் என்று மனம் ஒப்பவில்லை, பென்டிரைவிலும் போட்டேன்.

பெட்டியைச் சோதிக்க வேண்டுமே. கூப்பிட வேண்டிய எண்ணாக என் எண்ணைத் தற்காலிகமாகக் கொடுத்தேன். பெட்டிகள் விற்ற இத்தனை காலத்தில் இந்தக் குரல் ஊரெல்லாம் கூப்பிட்டிருக்கிறது, என்னைக் கூப்பிட்டதில்லை. எனக்கேது நிலம்? மேசையில் மூன்று பேஸ் கரண்டைக் கொடுத்தேன். சற்று நேரத்தில் என் போன் அடித்தது.

“வணக்கங்க. கரண்டு வந்துடுச்சு. மோட்டார் போடட்டுமா? போடணும்னா ஒன்னை அமுக்குங்க.”

“எங்கிட்ட ஏதுடி மோட்டாரு?” என்றேன்.

பதில் வராததால் மறுபடியும் அதையே கேட்டாள். பொறுமையாகத்தான் கேட்டாள், வீட்டில் இந்தப் பொறுமை கிடையாது. ஒன்றை அமுக்கினேன்.

“சரிங்க, போட்டாச்சு” என்றாள். அதற்குப் பின் வருவது நான் எழுதிக் கொடுக்காத வரி. சொல்லாமல் கொள்ளாமல் கட் பண்ணினால் மரியாதையாக இருக்காது என்று அவளே சேர்த்துக்கொண்டது. “அப்ப நான் வெச்சிடட்டுமா?”

“வெச்சிடாத” என்றேன்.