டேப் ஒட்டிய அட்டைப்பெட்டிகள்

என் அப்பாவின் முதுகைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. முகத்தைப் பார்த்தவர்கள் எங்கள் பிளாக்கில் இருந்த பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும்தான். அப்பா சினிமாவில் டூப் போடுபவர். ஹீரோ மாடியிலிருந்து குதிக்க வேண்டும், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழ வேண்டும் என்றால், ஹீரோவின் சட்டையைப் போட்டுக்கொண்டு அதைச் செய்வது அப்பா. விழுந்த இடத்திலிருந்து எழுந்து தலைமுடியைக் கோதிக்கொள்வது மட்டும் ஹீரோ.

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்பில், மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அம்மா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலை பார்த்தாள். காலையில் போனால் திரும்ப இரவு ஒன்பதரை ஆகும். அப்பா வருஷத்தில் பாதி நாள் வெளியூரில். நான் ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, மூடி வைத்த சோற்றைத் தின்றுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வேன். ஆற்றோரத்தில் இருந்த என் ஒரே சிநேகிதியின் குடிசையை அந்த வருஷம்தான் எடுத்தார்கள். அவளைக் குடும்பத்தோடு ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அவள் போன பிறகு எனக்குச் சாயங்காலம் என்பது முடியவே முடியாத ஒன்றாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் டிவியில் ஒரு நிகழ்ச்சி வரும். இரண்டு வெள்ளைக்காரர்கள், ஊர் உலகத்தில் சொல்லப்படும் நம்பிக்கைகளையும் சினிமா சண்டைக் காட்சிகளையும் எடுத்துக்கொண்டு, அவை நடக்கக்கூடியவையா என்று சோதனை செய்து பார்ப்பார்கள். தமிழில் குரல் கொடுத்தவர் யாரோ குறும்புக்காரர். வெள்ளைக்காரர் வாயில் கோயம்புத்தூர் தமிழ் வரும். மனிதனுக்குப் பதிலாக ஒரு பொம்மை மனிதனைத் தள்ளிவிடுவார்கள், எரிப்பார்கள், வெடிக்க வைப்பார்கள். கடைசியில் திரையில் ‘உண்மை’ என்றோ ‘பொய்’ என்றோ பெரிதாக முத்திரை விழும். நான் அந்த முத்திரையை முழுசாக நம்பினேன். வீட்டில் பேச ஆள் இல்லாத பிள்ளை டிவியைத்தான் நம்பும்.

ஒரு நாள் அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நான்காவது மாடியிலிருந்து ஒருவன் கீழே அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகள் மேல் குதித்து, எழுந்து ஓட முடியுமா? பொம்மையைத் தள்ளினார்கள். கழுத்து முறிந்தது. ‘பொய்’ என்று முத்திரை விழுந்தது.

அப்பா அதைத்தான் போன மாசம் செய்திருந்தார். எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கடைக்குப் போன பிறகு, தோளில் நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னது.

“நாலு மாடி பாப்பா. கயிறு கியிறு ஒண்ணும் கெடையாது. கட்னா கேமராவுல தெரியும்ட்டான் டைரக்டரு. கீழ வெறும் அட்டப்பொட்டி. கண்ண மூடிக்கினு குதிச்சேன்.”

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டே, “யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத, இன்னா” என்றார்.

டூப் போடுபவர்கள் ஹீரோவின் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் கட்டுப்பாடு. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, வாயை அடக்க முடியவில்லை. வகுப்பில் என் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களிடம் சொல்லிவிட்டேன். எனக்கு அவர்களிடம் சொல்ல வேறு எதுவும் இல்லை. அந்த நிகழ்ச்சி வந்த மறுநாள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“டிவிலயே பொய்னு போட்டுட்டான். உங்கப்பா நல்லா ரீல் வுட்டுக்கீறாரு.”

எங்கப்பா குதித்தது நிஜம் என்று நிரூபித்துக் காட்டுகிறேன், ஆயுத பூஜை லீவில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று சொன்னேன். வருகிறோம் என்றார்கள்.

டிவியில் செய்த மாதிரியே அப்பாவுக்கு ஒரு பொம்மை செய்து தள்ளிக் காட்டுவது என் திட்டம். எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடி சரியாக நான்காவது மாடி உயரம். மளிகைக் கடைகளில் கெஞ்சி ஒன்பது அட்டைப்பெட்டிகள் சேர்த்தேன். பொம்மை அப்பாவுக்கு அடிபடக் கூடாதே என்று ஒவ்வொரு பெட்டியையும் மூடி, நாலு பக்கமும் பழுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினேன். கையிலிருந்த டேப் தீர்ந்து, பக்கத்து வீட்டில் வாங்கி வந்து ஒட்டினேன். பழைய பேண்ட்டுக்குள் மணலையும் சேலைத் துணியையும் திணித்துக் கால்கள் செய்தேன். மேலுக்குப் பச்சைக் கட்டம் போட்ட சட்டை. அப்பா நாலு மாடி குதித்த படத்தில் ஹீரோவுக்கு எடுத்த அதே துணியில் டூப்புக்குத் தைத்த சட்டை அது. வேலை முடிந்ததும் அப்பா கேட்டு வாங்கி வந்து, ஊரெல்லாம் போட்டுக்கொண்டு திரிந்தார். முழங்கைக் கிழிசலை அம்மா தைத்துக் கொடுத்திருந்தாள்.

தலைதான் பிரச்சினை. தெரு முழுக்க ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் குவிந்து கிடந்தது. பூசணிக்காய் சுற்றி உடைக்காமல் எந்தச் சண்டைக் காட்சியையும் ஆரம்பிக்க மாட்டார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்த முறையை விட்டுவிட்டால் சோதனை எப்படிச் சரியாக வரும்? அம்மா வாங்கி வைத்திருந்த சின்னப் பூசணியில் ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கொட்டி, கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி மூடினேன். மீசை வரைந்தேன். தலைக்கும் ஆயிற்று, திருஷ்டிக்கும் ஆயிற்று என்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன பெண்கள் நாலு மணி வரை வரவில்லை. வரமாட்டார்கள் என்பது எனக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். மொட்டை மாடியில் நானும் அந்தப் பொம்மை அப்பாவும் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அவருடைய சட்டையில் இன்னும் தைல வாசனை இருந்தது. நிஜ அப்பா ஐதராபாத்தில் இருந்தார். இரண்டு நாளாகப் போன் வரவில்லை. அதற்காக அம்மா ராத்திரி தூங்காமல் புரண்டதை, கொசு என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் நான் மட்டும் எழுந்து நின்று, கீழே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, டிவி குரலில் யாருக்கோ அறிவித்துவிட்டுத் தள்ளினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. டேப் ஒட்டிய பெட்டிகள் கல் மாதிரி நின்றன. பொம்மை அவற்றின் மேல் மோதி, எகிறி, சிமெண்டுத் தரையில் குப்புற விழுந்தது. தலை சிதறியது. பச்சைக் கட்டச் சட்டையின் காலரிலிருந்து சிவப்பு ஓடியது.

அம்மா அந்த நேரத்துக்கு வர வேண்டியவளே அல்ல. தீபாவளி வியாபாரத்தில் நாளெல்லாம் நின்று கால் வீங்கிப்போய், அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கேட்டைத் தாண்டியவள், சட்டையைப் பார்த்தாள்.

“மாமா!”

அம்மா அப்பாவை அப்படிக் கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதில்லை. என் எதிரில் எப்போதும் ‘உங்கப்பா’தான். அவள் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, “மாமா, மாமா” என்று தரையில் அடித்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டு அத்தை ஓடிவந்து பொம்மையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அய்ய, பூசணிக்காம்மா! இங்க பாரு, பூசணிக்கா!” என்று பலமுறை கத்திய பிறகுதான் அம்மாவின் குரல் நின்றது.

வீட்டுக்குள் இழுத்துப்போய் அடித்தாள். கையால், பிறகு துடைப்பத்தால். நான் அழுதுகொண்டே என் நியாயத்தைச் சொன்னேன்.

“டிவில பொய்னு சொல்ட்டாங்கம்மா. அப்பா கயிறு கட்டாமயே நாலு மாடிலேந்து குதிச்சாரு. நெஜம்னு காட்டத்தான் செஞ்சேன்.”

துடைப்பம் அப்படியே நின்றது.

“இன்னா சொன்னே? கயிறு கட்டாமயா?”

“ஆமா. அட்டப்பொட்டி மேல.”

“இடுப்புல கயிறு கீது, ஊஞ்சல் ஆட்ற மாரினு சொன்னாரேடி எங்கிட்ட.” அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு என்னை அடிக்கவில்லை. வீங்கிய காலோடு கீழே போய், அந்தச் சட்டையை எடுத்து வந்து, இருட்டும் வரை அலசிக்கொண்டிருந்தாள்.

நான்கு நாள் கழித்து அப்பா வந்தார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசினார்கள். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன். வெளியே வந்த அப்பா என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

“பொட்டிக்கு டேப் ஒட்டினியா?”

தலையாட்டினேன்.

“ஒட்டக் கூடாது பாப்பா. பொட்டி நசுங்கணும். உள்ள கீற காத்து வெளிய போவணும். அப்பதான் நம்மள தாங்கும்.”

அதுதான் சண்டைக் காட்சியைப் பற்றி அப்பா என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. பொங்கலுக்குள் அந்தத் தொழிலை விட்டுவிட்டு நந்தனம் பக்கம் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டப் போய்விட்டார். அம்மா ராத்திரியில் புரளுவது நின்றது. அப்பா தினமும் வீட்டில் இருந்தார். ஆனால் தைலம் தேய்க்க என்னைக் கூப்பிடவில்லை. தானே கையை வளைத்துத் தேய்த்துக்கொண்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும், “பட்ச்சியா?” என்பதோடு சரி. அவர் ஊரில் இல்லாத சாயங்காலங்களைவிட அவர் இருந்த அந்தச் சாயங்காலங்கள் எனக்குத் தனிமையாக இருந்தன.

அப்பா குதித்ததாகச் சொன்னது பொய் என்று என் சோதனையில் வெளிப்பட்டுவிட்டது, அந்த வெட்கத்தில்தான் அப்பா பேசாமல் இருக்கிறார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்தும் விட்டேன்.

அப்பா பொய் சொன்னது அம்மாவிடம். அவள் தூங்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது. யார்கிட்டயும் சொல்லாதே என்று என்னிடம் சொன்னதும் அதற்காகத்தான். அந்த நாலு மாடி உயரத்தையும் பயத்தையும் உள்ளபடி சொல்ல அவருக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தது. அந்த ஆளுக்கு அப்போது பதினோரு வயது. அந்தப் பிள்ளை போய் ஊர் நம்புவதற்காக அவர் சட்டையை ஒரு பொம்மைக்கு மாட்டிக்கொண்டிருந்தது.