பிரேக்டவுன் என்று எழுதிய சனிக்கிழமை

பீர்மேட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தபோது, இயந்திரம் நின்றால் பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். அரைமணிக்குள் ஓடினால் ‘ஹிட்ச்’. கையிலுள்ள சாமானை வைத்து அன்றே சரிசெய்ய முடிந்தால் ‘ஸ்நாக்’. உதிரிபாகம் வெளியிலிருந்து வரவேண்டுமென்றால் ‘பிரேக்டவுன்’. இந்தக் கடைசிச் சொல்லை எழுதியவர், இயந்திரம் ஓடும்வரை எஸ்டேட்டைவிட்டுப் போகக்கூடாது.

கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. கணவருக்குப் பாலக்காட்டில் வேலை. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறுதான் எங்களுக்குச் சேர்ந்து கிடைக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை, நான் பாலக்காட்டுக்குப் போகவேண்டிய காலை பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கையில், தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் பேரிங் உடைந்தது. புதியது கோட்டயத்திலிருந்து வரவேண்டும்.

“ஸ்நாக்னு எழுதிட்டுக் கெளம்புங்கம்மா. நான் பாத்துக்கிடுதேன்,” என்றார் ஃபிட்டர் அண்ணாச்சி. “மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுல காத்துக் கெடப்பாருல்லா?”

“கேள்வி வந்தா நீங்கதான் மாட்டுவீங்க, அண்ணாச்சி.”

“எனக்கு இங்கிலீஷே தெரியாதுன்னு சொல்லிட்டுப் போறேன்.”

சிரித்துக்கொண்டே ‘பிரேக்டவுன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கீழ் வளைவில் பஸ் ஹாரன் அடித்துப் போவது கேட்டது. தந்தி கொடுத்தாலும் அவர் வீட்டிலிருந்து கிளம்பும்முன் போய்ச் சேராது.

திங்கள் மதியம் ஜீப்பில் பேரிங் வந்தது. அதற்குள் ஞாயிறும் முடிந்து அவர் ஆபீஸுக்குப் போயிருப்பார். அந்தச் சனிக்கிழமை எத்தனை பஸ் வரும்வரை நின்றிருந்தார் என்று, அடுத்த மாதம் பார்த்தபோதும் நான் கேட்கவில்லை.