உப்புப் போட்ட ஐஸ்

என் எலும்பு மஜ்ஜை தேவைக்கு மேல் சிவப்பணுக்களைச் செய்துகொண்டே இருக்கிறது. அதனால் ரத்தம் கெட்டியாகிறது. கெட்டியான ரத்தம் மூளையில் எங்காவது அடைத்துக்கொண்டால் பக்கவாதம். அரிதான நோய் என்று சென்னை மருத்துவர் சொன்னபோது, ஏதோ பரிசு விழுந்ததைச் சொல்வது போல் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வயிற்றில் இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொள்கிறேன். மறுநாள் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். காய்ச்சல் எவ்வளவு, எத்தனை மணிக்கு, தொப்புளுக்கு எந்தப் பக்கம் குத்தினேன் என்பதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. போன மழைக்காலம் வரை ஒன்றரை வருடமாக ஒரு தவணையும் தவறவில்லை. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பை ரத்தத்தை எடுத்துக் கொட்டிவிட்டு வருவது அதனால்தான் நின்றது.

போர்ட் பிளேரில் இந்த மருந்து கிடைக்காது. சென்னையிலிருந்து வர வேண்டும். வழியில் அதன் வெப்பநிலை இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக்கூடாது. மெயின்லேண்டிலிருந்து இங்கே வருகிற எவர் பையிலும் அடுத்தவர் சாமான் ஒன்றாவது இருக்கும்: மூக்குக் கண்ணாடி, கல்யாணப் புடவை, மிக்ஸி ஜார். அப்படித்தான் என் ஊசியும் வந்துகொண்டிருந்தது.

போன மழைக்காலத்தில் அதை என் மனைவியின் தம்பி கொண்டுவந்தான். எதிர்க்கரையில் பம்பூஃபிளாட்டில் இருந்துகொண்டு சென்னைக்கு மீன் அனுப்புகிறவன். அங்கே போயிருந்தவனுக்கு ஐந்து வரி எழுதிப் போனில் அனுப்பினேன். 'ஐஸ் மேலே படக்கூடாது' என்ற மூன்றாவது வரிக்கு அடிக்கோடும் போட்டிருந்தேன். மருந்துப் பைக்குள் வைக்கச் சொல்லி ஒரு சின்ன வெப்பமானியையும் முன்பே கொடுத்தனுப்பியிருந்தேன். வழியில் எட்டிய மிகக் குறைந்த அளவும் மிக அதிக அளவும் அதில் பதிவாகியிருக்கும்.

மழையில் இரண்டு நாள் விமானம் ரத்தானது. அவன் கப்பல் ஏறிவிட்டான். கடலில் சிக்னல் இல்லை. நான்காம் நாள் காலை பதினொன்று இருபதுக்கு, லம்பா லைனில் எங்கள் வீட்டு வாசலில் மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், தொறந்து பாருங்க. கட்டி கரையாம கெடக்கு. கப்பல் கிச்சன்ல நம்ம ஆளு ஒருத்தன், காலையும் சாயங்காலமும் புது ஐஸ். ஏக்தம் பக்கா!"

பெட்டியின் ஓரத்தில் கல் உப்பு ஒட்டியிருந்தது. உப்புப் போட்டால் ஐஸின் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

"உப்பு போட்டியா?"

"பின்ன? உப்பு இல்லாத ஐஸ் எத்தன நேரம் தாங்கும்? சூரை மீனே இப்பிடித்தான் போவுது. உங்க மருந்து அதவிட ஒசத்தியா?"

சிரிஞ்சுகள் இரண்டு. ஒரு மாதத்துக்கானவை. இரண்டிலும் மருந்து வெள்ளைக் குச்சியாக இறுகியிருந்தது. மேசைமேல் வைத்தேன். பத்து நிமிடத்தில் உருகித் தண்ணீர் போலானது.

"ஆச்சு, பழையபடி ஆயிட்டுல்ல? டென்ஷன் மத் லோ, கவலைய விடுங்க அத்தான்" என்றான்.

வெப்பமானியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். மிகக் குறைந்த அளவு: மைனஸ் நான்கு.

"ஓஹோ, இத வச்சுதான் என்ன வேவு பாத்தீங்களா?" என்றான்.

நான் கத்தினேன். நாற்பத்தொன்பது வயதில் அப்படிக் கத்தியது எனக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. மூன்றாவது வரியைப் படித்தாயா என்று மூன்று முறை கேட்டேன்.

"படிச்சேன் அத்தான்! நனையக்கூடாதுன்னு எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன். அதான் மூணு கவர் சுத்தி, வாய இறுக்கிக் கட்டி வச்சேன். ஒரு சொட்டு பட்டிருந்தா கேளுங்க."

ஒரு சொட்டும் பட்டிருக்கவில்லை. ஏன் படக்கூடாது என்று நான் எழுதியிருக்கவில்லை. அது நினைவுக்கு வந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

மனைவி என்னைத் தனியே அழைத்தாள். "மூணு நாளு ஒழுங்காத் தூங்கலயாம். மூஞ்சியப் பாருங்க. ஒண்ணப் போட்டுத்தான் பாருங்களேன்."

அவன் மனம் நோகாமலிருக்க நான் கெட்டுப்போன மருந்தைக் குத்திக்கொள்ள வேண்டும்! மருத்துவரைப் போனில் பிடித்தேன். "உறைஞ்சிட்டா அது மருந்தே இல்ல சார், தூக்கிப் போட்டுடுங்க" என்றார். மாற்று மருந்துக்கு எத்தனை நாளாகும் என்றார். அதைத்தானே நான் யாரிடமாவது கேட்க வேண்டும்!

கொண்டுவர ஆள் கிடைக்காமல் இரண்டு தவணைகள் தவறின. நாட்குறிப்பில் அந்த இடங்களில் 'இல்லை' என்று எழுதினேன். ஐந்தாவது வாரம் தலை கனத்தது. குளித்தால் உடம்பெல்லாம் அரித்தது. பரிசோதனையில் ரத்தத்தின் அடர்த்தி எல்லையைத் தாண்டியிருந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டில், மறுபடியும் தடித்த ஊசி. மைத்துனன்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனான்.

கூட வந்தவர் யார் என்று நர்ஸ் கேட்டாள்.

"ஐஸ் போட்டவன்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை. பை நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த ஊசிய நானே போயி எடுத்துட்டு வரேன் அத்தான். இந்தத் தடவ நீங்க சொல்றபடி" என்றான்.

"நீ கிளம்பவே வேண்டாம்" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். குழாயைக் கழற்றிவிட்டு நர்ஸ் பையை எடுத்துப் போனாள். பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த கை வலித்தது. ஒன்றரை வருடம் ஒழுங்காக இருந்தும், என் ரத்தம் யார் பையிலாவது வருகிற ஒரு சிரிஞ்சை நம்பித்தான் இருக்கிறது. அந்த நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு, இந்த வாரம் சென்னையிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் யாரையாவது தெரியுமா என்று அவனிடமே கேட்டேன்.