பன்றி இல்லாதவனின் மன்னார்ப் பயணம்

போன ஜனவரியில் இரண்டு நாள் மன்னார் போய் வந்தேன். பூநாரை பற்றியும் பெருக்க மரம் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போனது ஒரு துவக்குக்காக. இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: எங்களிடம் துவக்கு என்றால் துப்பாக்கி.

அப்பாவின் பன்னிரண்டு போர் (12 bore) ஒற்றைக் குழல் அது. அவர் இறந்து எட்டு மாதம். அனுமதிப்பத்திரம் ஆளோடு முடிந்துவிடும். துவக்கைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டு வாரிசு புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நானும் விண்ணப்பித்தேன், தம்பி யோகனும் விண்ணப்பித்தான். நேரில் வரும்படி மன்னாரிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது.

யோகனோடு நான் பேசி ஆறு வருடம். நானாட்டானில் உள்ள நாலு ஏக்கர் வயலையும் அப்பா அவன் பேரில் எழுதினார். நான் படித்தவனாம், உத்தியோகம் இருக்கிறதாம். அந்தத் துவக்கைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன் யோகன்.

முப்பது வருடமாகத் துவக்குகளைப் பற்றி வாசிக்கிறேன். சொந்தமாக ஒன்று வைத்திருந்ததில்லை. இந்த நாட்டில் துவக்குகள் என்ன செய்தன என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் அவற்றில் ஒன்றாவது வயல்காரனின் அனுமதிப்பத்திரத்தில் வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

வவுனியாவில் காலை 6.15 பஸ், 340 ரூபா. இடப்பக்க யன்னலில் இருங்கள். பாலத்துக்கு முன்னால் பூநாரைகள் தெரியும். 8.40க்கு மன்னார். உப்புக்குளம் பகுதியில் ஒரு மேல்மாடி அறை, 3,500 ரூபா, மின்விசிறி மட்டும். 9.30க்குக் கச்சேரி. மாவட்டச் செயலகத்தை நாங்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம், பாட்டுக் கிடையாது.

என் கோப்பை எடுத்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும்.

“ஐயா, காரணம் எண்ட இடத்திலை என்ன எழுதியிருக்கிறியள்?”

“விருப்பம்.”

பக்கத்து மேசைக்காரர் கதிரையோடு திரும்பிப் பார்த்தார்.

“அப்பிடி எழுதினதை இண்டைக்குத்தான் காணுறன்,” என்றார் அந்தப் பெண். “பயிர்ப் பாதுகாப்பு எண்டெல்லோ எழுதுறது. காட்டுப் பண்டி வாறேல்லையோ?”

“என்னட்டைப் பண்டி இல்லை, பிள்ளை. வயலும் இல்லை.”

“அப்ப எதைச் சுடப்போறியள்?”

“ஒண்டையும் இல்லை. துடைச்சு வைக்கப்போறன்.”

“துடைக்கிறதுக்கு லைசன்ஸ் குடுக்கிறேல்லை, ஐயா.” அவர் சிரிக்கவில்லை. “உங்களுக்குக் கிடைக்காது. ஆனா நீங்கள் சம்மதக் கடிதம் தராட்டில் தம்பியாருக்கும் கிடைக்காது. நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்கோ.”

தம்பியாருக்கும் கிடைக்காது என்ற வசனம் எனக்குப் பிடித்திருந்தது. அன்று மத்தியானம் மீன் குழம்போடு நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை 6.30க்கு ஓட்டோவில் நானாட்டான். மீற்றரில் 21 கிலோமீற்றர். காத்திருந்து திரும்ப 4,500 ரூபா பேசினேன். கையெழுத்து வைக்கமாட்டேன் என்பதை யோகன் முகத்துக்கு நேரே சொல்லத்தான் போனேன்.

“சேர் வயல் பாக்கவோ, பொம்பிளை பாக்கவோ?” என்றார் ஓட்டோக்காரர்.

“துவக்கு விஷயமா.”

ஓட்டோ மெதுவானது. “சேர், என்ரை வண்டியிலை இருந்துகொண்டு அந்தச் சொல்லைச் சத்தமாச் சொல்லாதேங்கோ. மண்வெட்டி எண்டு சொல்லுங்கோ.”

யோகன் வரம்பில் நின்றான். இரவு முழுக்க நித்திரை இல்லாத கண். அவனுக்குப் பின்னால் நெல் முற்றிக்கொண்டிருந்தது. வாய்க்கால் பக்கம் மட்டும் உழுது போட்டதுபோல் கிடந்தது.

“வாங்கோ அண்ணை,” என்றான், நேற்றுப் பேசியவன்போல.

“பண்டி எவ்வளவு அழிச்சுப்போட்டுது?”

“முக்கால் ஏக்கர். அறுப்புக்கு இன்னும் ரெண்டு கிழமை.”

“யானை விரட்டுற வெடி கொளுத்திறேல்லையோ?”

“கொளுத்திறன். முதல் ரெண்டு நாள் ஓடிச்சினம். இப்ப வெடி கேட்டால் சாப்பாட்டு மணி எண்டு வாறினம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். “நீ சுடுவியோ? காதைப் பொத்தினால் எந்தக் கையாலை சுடுவாய்?”

“பஞ்சு வைச்சுக்கொண்டு சுடுவன். வேறை என்ன செய்ய?”

“எண்ணெய் என்ன போடுவாய்?”

“தேங்காயெண்ணெய் போதாதோ?”

உப்புக் காற்றடிக்கிற கரையில், இரும்புக் குழலுக்கு, தேங்காயெண்ணெய்! கொஞ்ச நாளில் பிசினாகும். அதற்கடியில் துருப் பிடிக்கும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஓட்டோவுக்குத் திரும்பினேன். அவன் கூப்பிடவில்லை. வாய்க்கால் பக்கம் போய், சாய்ந்த நெல்லை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அது நிற்காது என்று அவனுக்கும் தெரியும்.

கச்சேரிக்கு 11.20க்கு வந்தேன். சம்மதக் கடிதப் படிவத்தை வாங்கிக் கையெழுத்து வைத்தேன். அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்; வயல் விஷயம் அப்படியே இருக்கிறது. அந்தப் படிவத்திலும் காரணம் கேட்டிருந்தார்கள். ‘பன்றி’ என்று எழுதினேன்.

“பயிர்ப் பாதுகாப்பு எண்டு எழுதுங்கோ, ஐயா,” என்றார் அந்தப் பெண்.

எழுதினேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: இறப்புச் சான்றிதழ், பழைய அனுமதிப்பத்திரம், கிராம சேவகரின் கடிதம் மூன்றிலும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். துவக்கு யார் வீட்டில் என்று சகோதரங்கள் முதலே பேசி முடியுங்கள். வயல் இல்லாதவர் பஸ் காசை மிச்சம் பிடிக்கலாம். முக்கியமாக, காரணம் என்ற கட்டத்தில் உண்மையை எழுதாதீர்கள்.

பின்னேரம் 3.10 பஸ்ஸுக்கு முன்னால் கடைத்தெருவில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு போத்தல் வாங்கி, அதே ஓட்டோக்காரரிடம் யோகனுக்குக் கொடுத்துவிட்டேன். அனுமதிப்பத்திரம் அவன் பேரில் இருக்கும்வரை அந்தத் துவக்கை நான் தொட முடியாது. எண்ணெய் அனுப்பலாம். அதை அந்தப் பெண்ணிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் வெளிக்கிட்டேன்.