ஜெரோம் அண்ணையும் ஜாக் ரோஸும்

ஜெரோம் அண்ணை இல்லையாம்.

காலையில் அம்மா போனில் சொன்னா. "கோயில் பாட்டுக்குழு ஜெரோம் மோசம் போயிட்டாராம் பிள்ளை. நித்திரையிலயாம்." நாற்பத்தாறு வயது.

"உனக்கு ஆளைத் தெரியுமோ?" என்று அம்மா கேட்டா. "முகம் தெரியும்" என்றேன்.

பொய். ஒஸ்லோவில் ஒரு ஹோட்டல் பாரில் நாங்கள் இரண்டு பேரும் நான்கு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். போன வருடம்தான் நான் விலகினேன். அம்மா இன்றைக்கும் நான் ரிசெப்ஷனில் நின்றதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறா. இந்தப் பதிவை வாசிப்பா. வாசிக்கட்டும்.

அவர் கையால்தான் வேண்டும் என்று ஆட்கள் கேட்டு வருகிற கொக்டெயில், ஜாக் ரோஸ். அப்பிள் பிராண்டி, தேசிக்காய்ப் புளி, மாதுளம்பழச் சிரப். அவ்வளவுதான்.

பிராண்டி இங்கே நோர்வேயில், ஹார்டாங்கர் பக்கத்து அப்பிளில் வடித்தது. சிரப்பை மட்டும் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவருவார். கடைச் சிரப்பைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். "இது இருமல் மருந்தப்பா!"

"மாதுளம்பழம் எங்கை வாங்கிறனீங்கள்?"

"இஞ்சை ஒஸ்லோவிலதான், குறொன்லாண்ட் கடையில."

"ஆர் பிழியிறது?" அதற்கு மட்டும் பதில் வராது. ஒரு சிரிப்பு...

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் ஆளுக்கு ஒரு கதை ரெடி. ஸ்தவாங்கரிலிருந்து வருகிற எண்ணெய்க் கம்பனிக்காரர்களுக்கு, நியூயோர்க்கில் ஒரு கொலை வழக்கில் அடிபட்ட சூதாடியின் பட்டப்பெயர். கைகோத்துக்கொண்டு வருகிற ஜோடிகளுக்கு, பிரெஞ்சு ஜெனரல் ஒருவரின் பெயர் வைத்த ரோஜா.

உண்மை எது என்று ஒருநாள் பிடித்துக் கேட்டேன்.

"அமெரிக்காவில அப்பிள் பிராண்டியை அப்பிள்ஜாக் எண்டுதான் சொல்லுறவை. நிறம் ரோஸ். அவ்வளவுதான் இருக்கும். ஆனா அதைச் சொன்னா ஆர் இரண்டாவது கிளாஸ் கேக்கிறது?"

இவ்வளவு கதைத்த மனிசனோடு கோயிலில் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. பார் வேலையை வீட்டில் மறைத்திருப்பார், மனைவி பக்கத்தில் நிற்கிறா, நான் வாய் திறந்து மாட்டிவிடக் கூடாது... நானாகவே அப்படி முடிவு செய்து விலகி நடந்தேன். அவரும் விலகித்தான் நடந்தார்.

போன ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நேருக்கு நேர் வந்தார். நான் குனிந்து போனைப் பார்த்தேன். போன ஞாயிறுதான்...

இன்று பின்னேரம் அம்மாவோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னா.

"மாதுளம்பழம் நான்தான் பிழியிறனான் பிள்ளை. உங்களைப் பற்றி எப்பவும் கதைப்பார். கோயிலில கண்டா சிரிச்சுக்கூடப் போடாதை, தாய்க்குத் தெரிஞ்சா அந்தப் பிள்ளைக்குக் கரைச்சல் எண்டு எனக்கும் சொல்லி வைச்சவர்."

நான் அவருக்காக என்று நினைத்தேன்... அவர் எனக்காக.

அவர்கள் வீட்டுப் பிரிட்ஜில் இன்னும் அரைப் போத்தல் சிரப் இருக்கிறதாம்.

வணக்கம், ஜெரோம் அண்ணை. எல்லாருக்கும் முன்னால சொல்லுறன்.